சிகிச்சை முடிந்த மார்பில் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால்: எங்கே போவது, எதைக் கேட்பது

எனக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து மூன்றாவது வருடம். மார்கழிக் காலை ஒன்றில் குளிக்கும்போது இடது மார்பின் தழும்புக்குக் கீழே பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ தட்டியது. மறுநாளும் அங்கேயே இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன். எல்லாம் முடியட்டும் என்று 19 நாள் தள்ளிப்போட்டேன். அந்த 19 இரவும் கை தானாக அந்த இடத்துக்கே போனது.

முதல் முறை நோய் வந்தபோது வழி சொல்ல ஆளுக்கு ஆள் இருந்தார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒரு சந்தேகம் வந்தால் எங்கே போவது, என்ன சொல்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நான் டாக்டர் இல்லை. அந்த வழியில் ஒரு முறை போய் வந்தவள். இப்போதுதான் சிகிச்சை முடித்து வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்குத் தட்டுப்பட்டதற்கு ஒரு பெயர் கிடைக்க வேண்டும். அந்தப் பெயர் கிடைக்கும் வரை விடக் கூடாது.

முதல் நாளே எழுதி வையுங்கள்

ஒரு நோட்டில் அன்றைய தேதியைப் போடுங்கள். எந்தப் பக்கம், எந்த இடம் என்று குறியுங்கள். மார்பை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டு, காம்பை நடுவில் வைத்து, கட்டி எத்தனை மணி முள் இருக்கும் இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காம்பிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி என்பதையும் எழுதுங்கள். டாக்டர்களும் இப்படித்தான் குறிக்கிறார்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அளவுக்கு மிளகு, பட்டாணி, நெல்லிக்காய் என்று எழுதினால் போதும். தொட்டால் நகர்கிறதா, ஒட்டிக்கொண்டு இருக்கிறதா? வலிக்கிறதா? மேலே தோல் எப்படி இருக்கிறது?

தோலில் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் பகல் வெளிச்சத்தில் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் சிவப்பு குறைந்திருக்கலாம், அப்போது அந்தப் படம் கைகொடுக்கும். வேறு யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைக்கும் வசதி போனிலேயே இருக்கும், மகளிடமோ மகனிடமோ கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். நான் நாளுக்குப் பத்து முறை அழுத்திப் பார்த்ததில் அந்த இடமே கன்றிப்போய், வலி கட்டியால் வந்ததா என் விரலால் வந்ததா என்று தெரியாமல் போயிற்று. எண்ணெய் தடவி நீவுவது, பத்துப் போடுவது, சூடு ஒத்தடம் எதுவும் வேண்டாம். கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வைத்த தோலுக்குச் சூட்டைத் தாங்கும் பலம் குறைவு.

எதற்கு உடனே ஓட வேண்டும்

மார்போ கையோ சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். அக்குளில் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்த பக்கத்தில் கிருமித் தொற்று வேகமாகப் பரவும். திடீரென மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவற்றுக்கும் நேராக அவசரப் பிரிவுதான். டமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

கீழே சொல்பவற்றுக்கு நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை. ஆனால் அடுத்த செக்கப் தேதி வரை வைத்திருக்கவும் கூடாது. மறுநாளே போன் செய்து, அந்த வாரத்துக்குள் பார்க்கக் கேளுங்கள்: மார்பிலோ தழும்பிலோ அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ புதிய கட்டி. தோல் குழிந்து உள்ளே இழுப்பது. கமலா ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிப் புள்ளியாகத் தடிப்பது. காம்பு புதிதாக உள்வாங்குவது, அதிலிருந்து ரத்தம் கலந்த நீர் வருவது. காம்பில் படை மாதிரி செதில் உரிந்து, களிம்பு போட்டும் ஆறாமல் இருப்பது.

இரண்டு விஷயங்களை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மார்பை முழுவதும் எடுத்துவிட்டவர்கள், "அதான் மார்பே இல்லையே, இனி அங்கே என்ன வரப்போகிறது" என்று நினைப்பதைக் கேட்டிருக்கிறேன். மார்பை எடுத்தாலும் தோலும் தசையும் அங்கேதான் இருக்கின்றன. தழும்பை ஒட்டி அரிசி அல்லது பயறு அளவில் சின்னச் சின்ன முடிச்சுகள், ஆறாத தடிப்பு வந்தால் கட்டாயம் காட்டுங்கள். இன்னொன்று, கரண்ட் வைத்துப் பல வருடம் கழித்து, அடி எதுவும் படாமலே அந்தத் தோலில் ஊதாவும் நீலமுமாகக் கன்றினாற்போல் திட்டு வருவது. மிக அரிதாகக் கரண்ட்டின் பின்விளைவாக அங்கே ரத்தக் குழாயில் வேறொரு வகைப் புற்றுநோய் வரலாம். அடிபட்ட நினைவே இல்லாமல் கன்றியிருந்தால் விட்டுவிடாதீர்கள்.

மார்பகப் புற்றுநோய் இல்லாமல், சின்ன வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா (நெறிகளில் வரும் ஒரு புற்றுநோய்) போன்ற நோய்க்காக நெஞ்சில் கரண்ட் வைத்துக்கொண்டவர்களும் இதைப் படிக்கலாம். உங்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் மற்றப் பெண்களைப் போல 40 வயது வரை காத்திருக்காமல் இளம் வயதிலேயே மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) எம்.ஆர்.ஐ.யும் எடுக்கத் தொடங்கச் சொல்வார்கள். எந்த வயதில் என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அது என்னவாக இருக்கலாம்

எல்லாக் கட்டியும் நோய் திரும்பியதன் அடையாளம் இல்லை. ஆபரேஷனும் கரண்ட்டும் மார்பில் நிறைய மிச்சம் வைத்துவிட்டுப் போகின்றன. அவற்றில் முக்கியமானது, காயம்பட்ட கொழுப்புத் திசு செத்துப்போய்க் கெட்டியாவது. மாதக்கணக்கில் கழித்தும் வரும், வருடக்கணக்கில் கழித்தும் வரும். தொட்டால் அச்சு அசல் புற்றுக் கட்டி மாதிரியே இருக்கும். ஆபரேஷன் செய்த குழியில் நீர் கோத்துக்கொண்டு வீக்கமாகத் தெரியலாம். உள்ளே போட்ட தையலைச் சுற்றி முடிச்சு விழலாம். கரண்ட் வைத்த மார்பு கனத்துத் தடித்து, தோல் கறுத்து, மெதுவாக ஒன்றிரண்டு வருடத்தில் அடங்கலாம். அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் கயிறு மாதிரி இழுக்கலாம், கையைத் தூக்கும்போது தெரியும். நரம்பு அறுபட்ட இடத்தில் சுருக்கென்று குத்துவதும் எரிவதும் பலருக்கு உண்டு.

இவற்றையெல்லாம் சொல்வது உங்களைத் தேற்றுவதற்காக மட்டும் இல்லை. எது எது என்று விரலால் தொட்டுப் பிரித்துவிட முடியாது என்பதற்காகவும்தான். அனுபவமுள்ள டாக்டரே கையால் பார்த்துவிட்டு ஸ்கேனுக்குத்தான் அனுப்புவார். வலி இல்லாவிட்டால் மோசம், வலித்தால் பயமில்லை என்று சொல்வார்கள். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

ஃபைலைத் தேடி எடுங்கள்

டாக்டரைப் பார்க்கும் முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, கட்டியைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் (ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று, எந்த மருந்து பொருந்தும் எனக் காட்டும் குறிகள் எழுதியிருக்கும் தாள்), எத்தனை கரண்ட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற தாள், கீமோ மருந்துகளின் பெயர், இப்போது சாப்பிடும் மாத்திரையும் தொடங்கிய தேதியும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சொத்து பழைய மேமோகிராம் படங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, படமோ சி.டி.யோ வேண்டும். ஆபரேஷன் செய்த மார்பின் படம் எப்படியும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது பழைய தழும்பு, எது புதிது என்று தெரியும். பீரோ மேல் வெயில்படும் இடத்தில் படங்களைப் போட்டு வைக்காதீர்கள். வழவழப்பான தாளில் அச்சிட்ட ஸ்கேன் படங்கள் நாளடைவில் மங்கிவிடும், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம், ஜெராக்ஸ் கொடுங்கள்.

யாரிடம் போவது

முதலில், உங்களுக்குச் சிகிச்சை செய்த இடத்துக்கே. அங்கே உங்கள் நம்பர் இருக்கிறது, பழைய விவரம் இருக்கிறது. ஓ.பி.க்குப் போன் செய்யும்போது "செக்கப்" என்று சொல்லாதீர்கள், இரண்டு மாதம் கழித்துத் தேதி தருவார்கள். "சிகிச்சை முடிந்த மார்பில் புதிதாகக் கட்டி வந்திருக்கிறது" என்று சொல்லுங்கள்.

அது முடியாத தூரமென்றால் பக்கத்து மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவோ அறுவைசிகிச்சைப் பிரிவோ இருக்கும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியது, இன்றும் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள். புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. உண்டு. இலங்கையில் இருப்பவர்களுக்கு மகரகமவிலும் வடக்கில் தெல்லிப்பழையிலும் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் எந்தப் பரிசோதனைக்குப் பொருந்தும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், பணம் கட்டும் முன் கேளுங்கள்.

தெருமுனை கிளினிக்கில் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுவது பலரும் செய்வது. சிவப்புக்கு மாத்திரை கொடுப்பது தவறில்லை. ஆனால் அந்தக் கோர்ஸ் முடிந்தும் சிவப்பும் வீக்கமும் அடங்காவிட்டால் இரண்டாவது கோர்ஸுக்குப் போகாமல் புற்றுநோய் டாக்டரிடம் போங்கள். கட்டியே தெரியாமல் மார்பு முழுக்கச் சிவந்து வீங்கி வருகிற வகைப் புற்றுநோயும் உண்டு. அதைச் சீழ்க்கட்டி என்று நினைத்து நாளைக் கடத்திவிடுவார்கள்.

டாக்டர் முன்னால்

நெரிசலான ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். "என்னம்மா?" என்று கேட்டதும் நமக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் முதல் வாக்கியத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். நான் எழுதிக்கொண்டு போனது இது: "டாக்டர், எனக்கு மூன்று வருஷம் முன்னாடி இடது மார்பில் கட்டி மட்டும் எடுத்து, 15 கரண்ட் வெச்சாங்க. டிசம்பர் 20-ஆம் தேதி தழும்புக்குக் கீழே, ஐந்து மணி இடத்தில், பட்டாணி அளவு கட்டி தட்டுப்பட்டது. இன்னும் குறையலை. இது என்னன்னு தெரியணும்."

உட்கார்ந்தும் படுத்தும், இரண்டு மார்பையும், அக்குளையும், காறை எலும்பு மேலேயும் தொட்டுப் பார்த்தால்தான் அது பரிசோதனை. துணிக்கு மேலே பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினால், "ஒரு தடவை தொட்டுப் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் நர்ஸ் ஒருவர் உடன் இருக்கக் கேட்கலாம். துணைக்கு வருகிறவரிடம் பேனாவும் நோட்டும் கொடுங்கள், டாக்டர் சொல்வதில் பாதி நமக்குக் காதில் ஏறாது.

பரிசோதனைகள்

கட்டி என்றால் மூன்று படி: கையால் பார்ப்பது, படம் எடுப்பது, தேவைப்பட்டால் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

மேமோகிராமுக்குப் போகும் நாளில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம், படத்தில் புள்ளியாகத் தெரியும். புடவையோ, மேலே தனியாகக் கழற்ற வசதியான உடையோ போதும். ஆபரேஷன் செய்த மார்பை அழுத்தும்போது வலிக்கும், நிஜமாகவே வலிக்கும், ஆனால் சில விநாடிகள்தான். மெதுவாக அழுத்தச் சொல்லிக் கேட்கலாம். மார்பை முழுவதும் எடுத்த பக்கத்துக்குப் பொதுவாக மேமோகிராம் இல்லை, அங்கே கையும் அல்ட்ராசவுண்டும்தான்.

இந்த அல்ட்ராசவுண்டில்தான் எனக்கு ஒரு வாரம் வீணானது. முதலில் போன ஸ்கேன் சென்டரில் ஐந்து நிமிடத்தில் மேலோட்டமாகத் தடவிவிட்டு, "நார்மல்" என்று எழுதித் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டி அங்கேயேதான் இருந்தது. நான் எந்த இடம் என்று சொல்லவே இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. இரண்டாவது முறை வேறொரு இடத்தில், படுத்தவுடன் விரலை அந்த இடத்தில் வைத்து, "இங்கேதான், இதைப் பாருங்க" என்றேன். அந்த டாக்டர் என் விரல் எடுத்த இடத்திலேயே கருவியை வைத்துப் பத்து நிமிடம் பார்த்தார். உங்களுக்கும் சொல்கிறேன்: விரலை வைத்துக் காட்டுங்கள். ரிப்போர்ட்டில் அந்த இடத்தைப் பற்றித் தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் பை-ராட்ஸ் என்று போட்டு, சந்தேகம் எவ்வளவு என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். 0 என்றால் இன்னும் படம் வேண்டும் அல்லது பழைய படத்துடன் ஒப்பிட வேண்டும். 1, 2 என்றால் சந்தேகம் இல்லை. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணமானது, புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, வழக்கமாக ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். 4, 5 என்றால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 4 என்றாலே புற்று என்று அர்த்தமில்லை, அதில் பலருக்குச் சாதாரணம் என்றே வருகிறது. தழும்பா கட்டியா என்று இவற்றில் தெளியாதபோது எம்.ஆர்.ஐ. சொல்வார்கள்.

படம் நார்மல் என்று வந்தும் கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் கதை முடியவில்லை. சில கட்டிகள் மேமோகிராமில் தெரியாது. "படத்தில் இல்லை, ஆனால் கையில் இருக்கிறது, பயாப்ஸி தேவையா?" என்று கேளுங்கள்.

பயாப்ஸி என்றதும் வீட்டில் யாராவது, "ஊசி குத்தினால் பரவிடும்" என்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அதற்குப் பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போடாதீர்கள். ஊசியால் நோய் உடம்பெங்கும் பரவுவதில்லை, என்ன நோய் என்று தெரியாமல் நாள் போவதில்தான் ஆபத்து. மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் தடித்த ஊசியால் நூல் போலச் சதைத் துண்டுகள் எடுப்பார்கள். டக்கென்று ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் கேட்கும், திடுக்கிட வேண்டாம். மெல்லிய ஊசியில் செல்களை மட்டும் உறிஞ்சுவதைவிட இதில் விவரம் அதிகம் கிடைக்கும். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ சாப்பிட்டால் முன்னாலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முடிவு வர வழக்கமாகச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். புற்று என்று வந்தால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றையும் புதிதாகப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் முறை இருந்ததுபோல இப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது, மருந்தைத் தீர்மானிப்பதே அதுதான்.

புற்றின் அடையாளத்தை ரத்தத்தில் தேடும் சி.ஏ. 15-3 பரிசோதனை, பெட் ஸ்கேன் இரண்டையும் நாமாகவே எடுத்துக்கொண்டு போகிறோம். கட்டி என்ன என்ற கேள்விக்கு இவை பதில் சொல்லாது. ரத்தத்தில் நார்மல் என்று வந்ததை வைத்துக் கட்டியை விட்டுவிடக் கூடாது. அந்தக் காசை மேமோகிராமுக்கும் நல்ல அல்ட்ராசவுண்டுக்கும் வையுங்கள்.

"ஒண்ணுமில்லம்மா, மனசுதான்" என்றால்

எனக்கு அப்படியும் ஒருவர் சொன்னார். "ஆபரேஷன் பண்ண இடம் அப்படித்தான் இருக்கும்மா, சும்மா நினைச்சுக்கிட்டே இருக்காதீங்க." கேட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது, பஸ் ஸ்டாண்ட் வரும் வரை. அங்கே உட்கார்ந்தபோதுதான் அது என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

கோபப்பட வேண்டாம், எழுந்துவிடவும் வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: "சரிங்க டாக்டர். அப்போ இது என்ன? எதை வெச்சு அப்படிச் சொல்றீங்க? எத்தனை வாரத்தில் இது மாறணும்? மாறலைன்னா அடுத்து என்ன செய்யணும்?" பதில்களைச் சீட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் அதன்படி காத்திருங்கள். இல்லாவிட்டால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவது உங்கள் உரிமை, முதல் டாக்டருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. பயாப்ஸி முடிவிலேயே சந்தேகம் என்றால் அந்த ஸ்லைடுகளையும் சதை வைத்த மெழுகுக் கட்டியையும் லேபில் கேட்டு வாங்கி வேறிடத்தில் பார்க்கச் சொல்லலாம், மறுபடி ஊசி தேவைப்படாமல் போகலாம்.

காத்திருக்கும் நாட்கள்

ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் கடைசியில் என் அக்காவிடம் சொன்னேன். அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எத்தனை மணிக்குப் போகணும்?" என்றாள். அப்படிப்பட்டவர் ஒருவர் போதும். சொந்தம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகள் பெரியவர்கள் என்றால் மறைக்காதீர்கள், நம் முகத்தை வைத்தே அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். டமாக்சிஃபெனோ வேறு ஹார்மோன் மாத்திரையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கலக்கத்தில் விட்டுவிடாதீர்கள்.

முடிவு வாங்கப் போகும் நாளில் தனியாகப் போகாதீர்கள். நோய் திரும்பியிருக்கிறது என்றே வந்தாலும், மார்பிலோ தழும்பிலோ மட்டும் வருவது வேறு, எலும்புக்கோ நுரையீரலுக்கோ போயிருப்பது வேறு. மார்பில் மட்டும் என்றால் முழுக்கக் குணமாக்கும் நோக்கத்தோடு பலருக்கும் மறுபடி சிகிச்சை செய்கிறார்கள். அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: "அந்த இடத்தில் மட்டுமா, வேறெங்கும் பார்க்கணுமா?"

பதில் கிடைத்த பிறகு

எனக்கு வந்தது செத்த கொழுப்புத் திசு. பயாப்ஸியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். "ஸ்கேனில் பார்த்ததும் பயாப்ஸியில் வந்ததும் ஒத்துப்போகிறதா?" என்று கேட்டேன். ஒத்துப்போகிறது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். ஒத்துப்போகாவிட்டால் ஊசி சரியான இடத்தில் படவில்லையோ என்று மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகும் வழக்கமான செக்கப் நிற்காது. சிகிச்சைக்குப் பின் முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை, நான்காவது ஐந்தாவது வருடங்களில் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். மேமோகிராம் வருடம் ஒன்று, இன்னொரு மார்புக்கும் சேர்த்து. கரண்ட் முடிந்தவர்களுக்கு முதல் மேமோகிராம் குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் எடுப்பார்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், ஒப்பிட எளிது.

அந்த பயாப்ஸி ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் தாளாக வைத்தேன். அடுத்த வருடம் ஸ்கேன் எடுத்த டாக்டர் அதே இடத்தில் கருவியை நிறுத்தி, "இங்கே ஏதோ இருக்கேம்மா" என்றார். நெஞ்சு ஒரு கணம் நின்றது. ஃபைலை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு, பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தார். "அதேதான். அளவும் மாறலை" என்றார்.